பட்டறைப் பதில்கள்: வரிசையில் நிற்கும் வண்டியின் சூடு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டோகிராஸ் பற்றியவை. நம் பக்கத்துப் பிள்ளைகள் சொந்தக் காசைப் போட்டு, பழைய வண்டியைத் தயார் செய்து, கூம்புகளுக்கு நடுவே ஓட்டப் போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இதுவரை பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம்: மண் மைதானத்திலோ தார்த் தளத்திலோ கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்வார். ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்; மற்ற நேரமெல்லாம் வெயிலில் வரிசையில் நிற்பதுதான். வந்த கேள்விகள் எல்லாம் அந்த நிற்கும் நேரத்தைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழை முழுவதும் சூட்டுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஓடும்போது என்ஜின் சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது, அண்ணாச்சி. ஓடி முடித்து வண்டியை அணைத்துவிட்டு, அடுத்த முறைக்கு ஸ்டார்ட் செய்தால் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ரேடியேட்டர் புதிது. பழைய 800 வண்டி. என்ன கோளாறு? (கல்லூரி மாணவர், வள்ளியூர்)

கோளாறே இல்லாமலும் இருக்கலாம், தம்பி. ஓடும்போது என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, அதோடு தண்ணீர் பம்பும் சுற்றுகிறது, முன்னாலிருந்து காற்று அடிக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் இவை எல்லாம் நின்றுபோகின்றன. ஆனால் சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் வாசல்களைச் சுற்றியுள்ள உலோகத்தில் ஏறிய சூடு அங்கேயே இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கனத்த சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதேதான். ஓடாமல் நிற்கும் தண்ணீருக்குள் அந்தச் சூடு முழுவதும் இறங்குகிறது.

இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. மீண்டும் ஸ்டார்ட் செய்ததும் முள் உயரத்தில் நின்று, அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தானாக இறங்கினால் அது தேங்கிய சூடுதான். இறங்காமல் மேலும் ஏறினால் உண்மையான கோளாறு.

தேங்கிய சூட்டுக்கு மருந்து எளிது. ஓடி வந்ததும் அணைக்காதீர்கள். பானட்டைத் திறந்து, விசிறி ஓட, இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, முள் இறங்கிய பிறகு அணையுங்கள். விசிறிக்குத் தனி சுவிட்ச் ஒன்று, ரிலேவும் ஃபியூஸும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் சென்சார் விசிறியை இயக்கும் வரை காத்திராமல், வளைந்து உள்ளே வரும்போதே நீங்கள் போட்டுவிடலாம். என்ஜினை அணைத்த பிறகும் விசிறியை வெகுநேரம் ஓட்டாதீர்கள். பம்பு நின்றுவிட்டதால் பலன் குறைவு, பேட்டரிதான் இறங்கும்.

இன்னொன்று, இது உங்கள் ஊருக்கே உரிய வசதி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் முழுவதையும் உலுக்குகிறது. காற்றாலைகளை அங்கே நட்டதே அதனால்தான். வரிசையில் இடம் கிடைத்தால் வண்டியின் முகத்தை மேற்கே பார்த்து நிறுத்துங்கள். காசில்லாமல் ரேடியேட்டருக்குள் காற்று போகும். கிழக்கே பார்த்து நிறுத்தினால் உங்கள் விசிறி அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். ஒரே வண்டிக்கு இரண்டு விதமான சூடு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான கோளாறு என்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் பறந்து வெளியே வந்தால், வயரை மாற்றிக் கொடுத்து விசிறியைத் தலைகீழாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். புது ரேடியேட்டர் போட்ட வண்டிகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும்தான் குளிர்விக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இதற்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடிக்குள் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 18 டிகிரியும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். ரேடியேட்டருக்குச் செலவழித்தவர் மூடியையும் புதிதாக வாங்கிவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

செய்யாதீர்கள். நம் ஊரில் வேரூன்றிப்போன பழக்கம் இது. எனக்கு இதைக் கேட்டாலே வருத்தமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது தண்ணீரை ஒரு சூடு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, பிறகு திறந்துவிடும் வால்வு. பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். முழுவதும் திறந்த பிறகு அது இருப்பதும் இல்லாததும் ஏறத்தாழ ஒன்றுதான். அதாவது, திறக்காமல் சிக்கிக்கொண்ட பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால்தான் சூடு இறங்கும். அப்படி இறங்கினால் செய்ய வேண்டியது புதியது போடுவது. வெறுமனே விடுவது அல்ல.

சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கத்து வழியை அடைக்கவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலேயே சுற்றிவரும். சூடு கூடத்தான் செய்யும். மற்ற என்ஜின்களில் வேண்டிய சூட்டுக்கு வராமலேயே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெய் சரியாக இளகாது, சிலிண்டர் தேயும்.

சோதிக்க உங்கள் வீட்டு அடுப்பங்கரை போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சூடாக்குங்கள். கொதி வருவதற்கு முன் அது வாய் திறந்தால் நன்றாக இருக்கிறது. கொதித்தும் திறக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்காதீர்கள்.

எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரில் அதைத்தான் ஊற்றுகிறோம். (திசையன்விளை)

நிறுத்திவிடுங்கள். டீ போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் ஏது? ஆனால் என்ஜினுக்கு வடித்த நீர்தான். கூலன்ட் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் சூட்டை நன்றாகவே கடத்தும். துருவும் சேர்ந்தே வரும்.

அண்ணனும் நானும் ஒரே வண்டியை ஓட்டுகிறோம். அண்ணன் முதலில், நான் பின்னால். தார்த் தளத்தில் அண்ணன் ஓட்டும்போது பிடித்து நிற்கிற வண்டி, எனக்கு வரும்போது மூக்கு வெளியே போகிறது. திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது. என் ஓட்டும் திறமைதான் குறைவா, அண்ணாச்சி? (தங்கை ஒருவர், தென்காசி)

உங்கள் திறமையைச் சந்தேகிக்க இந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை, தங்கச்சி. நீங்கள் ஓட்டுவது அண்ணன் ஓட்டிய வண்டியை அல்ல. அவர் சூடேற்றிக் கொடுத்த டயர்களை ஓட்டுகிறீர்கள்.

முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர் மூன்று வேலைகளைச் செய்கிறது: இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக் பளுவில் பெரும்பங்கைத் தாங்குகிறது. பின் டயர் ஏறக்குறைய உருண்டுகொண்டுதான் வருகிறது. ஆகவே சூடெல்லாம் முன்னால். ரப்பருக்கு ஒரு சூடு வரை பிடிப்பு கூடும். அதைத் தாண்டினால் மேற்பரப்பு இளகி வழுக்கும். சாலையில் ஓட்டும் சாதாரண டயர்கள் அந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். ஒருவர் மட்டும் ஓட்டினால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே டயர் ஆறிவிடுகிறது. இருவர் மாறிமாறி ஓட்டினால் ஆற நேரமே இல்லை.

அதோடு காற்றழுத்தமும் ஏறுகிறது. சுமார் 6 டிகிரி சூடு கூடினால் 1 பி.எஸ்.ஐ. (கேஜில் காட்டும் காற்றழுத்த அளவு) கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 36 வைத்த முன் டயர், அண்ணன் ஓடி வந்தபின் 39, 40 காட்டினால் ஆச்சரியமில்லை. அந்த அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தும்.

இரண்டு வேலை செய்யுங்கள். அண்ணன் வந்து நின்றதும் ஒருவர் கேஜ் வைத்து முன் டயர்களின் காற்றை நீங்கள் முடிவு செய்த அளவுக்கு இறக்கட்டும். இன்னொருவர் தண்ணீர் தெளிக்கட்டும். வாழைக்கும் நெல்லுக்கும் மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் இதற்கு மிகப் பொருத்தம். புதிதாக வாங்குங்கள், பூச்சிமருந்து ஊற்றியதை எடுக்காதீர்கள். டயர் சூட்டில் ஆவியாகி உங்கள் மூக்குக்குள்தான் போகும். தரையைத் தொடும் பகுதியில் மட்டும் மெல்லிய பனிபோல் அடித்து, வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, மீண்டும் அடியுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வாளியில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், ஆவியாகாது. பின் டயர்களுக்கு அடிக்காதீர்கள். அவை ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கும். புறப்படும் முன் டயர் காய்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் சாரல் விழும் மாதங்களில் தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

அளவு எப்படி முடிவு செய்வது? சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்தில், தரைப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், குறுக்காகச் சில கோடுகள் போடுங்கள். பல டயர்களில் அந்த ஓரத்தில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். ஓடி வந்தபின் பாருங்கள். கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரியாக இருக்கிறது. அதைத் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடிகிறது, 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு வருவதற்கு முன்பே கோடு அழியாமல் நின்றால் காற்று கூடுதல், இறக்குங்கள்.

காலையில் காற்று வைக்கும்போது வெயில் ஏறும் முன் வையுங்கள். வண்டியின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நிற்கும்போது நான்கையும் சமமாக வைத்தால், உண்மையில் அவை சமமாக இருக்காது. மாலையில் வீடு திரும்பும் முன் இன்னொரு முறை கேஜ் பிடியுங்கள். சூட்டில் இறக்கிய காற்று, டயர் ஆறியதும் மிகக் குறைவாகக் காட்டும். அந்த டயரோடு ஆலங்குளம் வழியாக நெடுந்தூரம் போகக் கூடாது.

அடுத்த முறை நீங்கள் முதலில் ஓட்டுங்கள். அண்ணன் ஒத்துக்கொள்வார்.

பெட்ரோல் பங்கில் நைட்ரஜன் அடித்தால் டயர் சூடாகாது என்கிறார்களே? (சங்கரன்கோவில்)

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு நைட்ரஜனும் விரியும், உலர்ந்த காற்றும் அதே அளவு விரியும். வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது டயருக்குள் போய், சூட்டில் ஆவியாகி, அழுத்தத்தைக் கூடுதலாக ஏற்றும். பஞ்சர் கடைக்காரரிடம் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். காசை நல்ல கேஜுக்குச் செலவிடுங்கள்.

செம்மண் மைதானத்தில் ஓட்டுகிறோம். டயரைத் தொட்டால் சூடே இல்லை, ஆனால் என்ஜின் கொதிக்கிறது. (சாத்தான்குளம்)

தேரி மண்ணை அறிந்தவர்தானே நீங்கள். இளகிய மண்ணில் டயர் வழுக்கிச் சுற்றுகிறது, தாரில் போல உரசிச் சூடேறுவதில்லை. ஆனால் சக்கரம் சுற்றும் அளவுக்கு என்ஜினும் உச்ச வேகத்தில் சுற்றுகிறது. வண்டியின் வேகமோ குறைவு, அதனால் முன்னாலிருந்து அடிக்கும் காற்றும் குறைவு. அந்தக் காற்றும் தூசியோடு வருகிறது. ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே அந்தச் சிவப்புப் பொடி, முந்தைய நாள் ஈரத்தோடு சேர்ந்து, களிமண்ணாகிவிடும்.

ஒவ்வொரு போட்டி நாள் முடிந்ததும் கழுவுங்கள். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பை அருகில் பிடித்தால் இதழ்கள் மடங்கி, வழி அடைந்துவிடும். குளிர்சாதனக் கண்டன்சர் முன்னால் இருந்தால் இரண்டுக்கும் நடுவில்தான் குப்பை தங்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

கல் படாமலிருக்கக் கொசுவலை கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். அவ்வளவு நெருக்கமான வலை தூசி படிந்ததும் சுவராகிவிடும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அகலக் கண் கம்பிவலை போதும். ஏர் ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் தட்டிப் பாருங்கள். காகித ஃபில்டரை எண்ணெயிலோ பெட்ரோலிலோ நனைக்க வேண்டாம்.

20டபிள்யூ-50 எண்ணெய் கெட்டியானது, சூட்டைத் தாங்கும் என்கிறார்கள். (அம்பாசமுத்திரம்)

உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருந்தால் ஊற்றுங்கள். புதிய என்ஜின்கள் மெல்லிய எண்ணெய்க்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் கெட்டி எண்ணெய் நல்லதைவிடக் கெடுதலே செய்யும். எண்ணெயின் வகையைவிட அதன் வயது முக்கியம். தண்ணீர் முள் நடுவுக்கு வந்த பிறகும் எண்ணெய் சூடாகச் சில நிமிடம் கூடுதலாகும். முதல் ஓட்டத்துக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

என் மகன் வரிசையில் நிற்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கையிலும் கழுத்திலும் சுட்டுக்கொண்டான். இந்த விளையாட்டே வேண்டாம் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஒரு தாய், மேலப்பாளையம்)

அம்மா, முதலில் பிள்ளை குணமாகட்டும். விளையாட்டை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் நான் தலையிட மாட்டேன். அவன் மீண்டும் போவதானால் இந்தப் பத்தியை அவனிடம் வாசிக்கக் கொடுங்கள்.

மூடிக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடியைத் திருப்பியதும் அழுத்தம் போய், அந்த நொடியிலேயே தண்ணீர் ஆவியாக மாறிப் பீறிடும். துணியைப் பிடித்துத் திறந்தாலும் அது கையை மட்டும்தான் காக்கும், முகத்தைக் காக்காது. மேல் ஹோஸைத் தொட்டு அழுத்திப் பார்க்க முடியாத அளவுக்குச் சூடாகவோ விறைப்பாகவோ இருந்தால் திறக்கவே கூடாது. அரை மணி நேரம் ஆகட்டும். அந்த ஓட்டம் போனால் போகட்டும். கொதித்த என்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது, ஹெட் வெடித்துவிடும்.

போட்டிக்குப் போகும் ஒவ்வொரு வண்டியிலும் தீயணைப்பானும், சுட்டால் ஊற்ற ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும். பிள்ளைகள் குடிக்கவும் தண்ணீர் வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்கும் சூடு ஏறுகிறது. பதநீர்க் காலமாக இருந்தால் அதைக் கொடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் உப்புப் போட்ட மோர்.

இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகிறது. (நாங்குநேரி)

பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. குழாய்க்குள் ஆவி உண்டாகிவிட்டால் மிதி இறங்கத்தான் செய்யும். டாட் 4 வாங்கி முழுவதும் மாற்றி, காற்று நீக்குங்கள். மாற்றும் வரை அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

ஓடி வந்ததும் கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். பழுத்த டிரம்மோடு லைனிங்கை அழுத்தி வைத்தால் ஒரே இடத்தில் சூடு தேங்கும். சில சமயம் ஒட்டியும் விடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நான் பனங்கட்டையில் ஆப்பு வெட்டி வைத்திருக்கிறேன், எந்தப் பாரத்துக்கும் நசுங்காது.

அதே கடிதத்தில், அதிகாலையில் நாலுவழிச் சாலையில் பயிற்சி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அந்த நேரத்தில் பால் வண்டிக்காரரும் வேலைக்குப் போகும் பெண்களும் அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். பயிற்சி வேண்டுமானால் அனுமதி பெற்ற மைதானத்துக்குப் போங்கள், அல்லது கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற முறையான தடத்துக்குப் போங்கள்.

சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கி வாங்கலாமா? (கே.டி.சி. நகர்)

வாங்கலாம், ஆனால் அது மேற்பரப்பை மட்டும் காட்டும். டயரின் மேற்பரப்பு நின்ற சில நொடிகளிலேயே ஆறத் தொடங்கிவிடும். ஓட்டுநர் இறங்கி வந்து சாவகாசமாகப் பிடிக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் ஊசி மானி இன்னும் உண்மையானது. எதை வைத்திருந்தாலும், வண்டி நின்றதும் ஒருவர் ஓடிப்போய் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடங்களில் அளந்து எழுத வேண்டும். நடுவில் மட்டும் சூடு கூடுதல் என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் கூடுதல் என்றால் காற்று குறைவு. வெளி ஓரம் மட்டும் எரிந்தால் சக்கரத்தின் சாய்வைப் பார்க்க வேண்டும். அது காற்றால் முழுவதும் தீராது.

ரேடியேட்டரிலும் அதே துப்பாக்கி உதவும். தண்ணீர் நுழையும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் நடுவில், வரிசை வரிசையாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்து காட்டினால் அந்தக் குழாய் உள்ளே அடைத்திருக்கிறது. எண்களை எழுதி, வண்டியின் பெயரும் டயர் அளவும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை வைத்தே பேசலாம்.